ராட் நீளம் பேசுறதுக்கு முன்னாடி ஸ்ட்ரோக்கைப் பாருங்க | ஹோண்டா பி சீரிஸ் பிளாக் கணக்கு

வணக்கம் மக்களே. டேபிள் மேல ரெண்டு கனெக்டிங் ராட் இருக்கு, பாருங்க. பிஸ்டனையும், அதால சுத்துற கிராங்க் தண்டையும் இணைக்கிறது இதுதான். இடது பக்கம் இருக்கிறது ஹோண்டா பி16பி-யோடது. 1997-ல வந்த சிவிக் டைப் ஆர் இன்ஜின். சென்டர் டு சென்டர் 142.42 மி.மீ. வலது பக்கம் பி18சி, இன்டெக்ரா டைப் ஆர்ல வந்தது, 137.9 மி.மீ. ரெண்டோட பெரிய ஓட்டையையும் ஒரே கோட்டுல பிடிச்சா, மேல பிஸ்டன் பின் மாட்டுற ஓட்டை நாலரை மி.மீ. தள்ளி நிக்குது, தெரியுதா? "பி16பி அந்த ராட் நீளத்துனாலதான் 8400 ஆர்பிஎம் வரைக்கும் அசராம சுத்துது"ன்னு நிறைய பேர் சொல்றாங்க. அதுல எவ்வளவு உண்மைன்னு இன்னிக்குக் கணக்குப் போட்டே பார்த்துடலாம்.

முதல்ல பிளாக் உயரம். கிராங்க் சென்டர்ல இருந்து பிளாக்கோட மேல் முகம் வரைக்கும் இருக்கிற தூரம், அதான் டெக் ஹைட். ஸ்ட்ரோக்ல (பிஸ்டன் கீழிருந்து மேல வரைக்கும் போற தூரம்) பாதி, ராட் நீளம், பிஸ்டன் பின்ல இருந்து பிஸ்டன் தலை வரைக்கும் இருக்கிற உயரம், இந்த மூணும் அதுக்குள்ள அடங்கணும். பி18சி-ல ஸ்ட்ரோக் 87.2, பாதி 43.6. அதோட 137.9, பிஸ்டன் சுமார் 30. கூட்டினா 211.5. பிளாக் கிட்டத்தட்ட 212. சாதாரண பி16ஏ பிளாக் 204 தான், ராட் 134.4. ஹோண்டா பி16பி-க்கு அந்த 212 உயர பிளாக்கை எடுத்து, உள்ள 77.4 ஸ்ட்ரோக் கிராங்கைப் போட்டு, மிச்ச இடத்தை நீள ராடை வெச்சு நிரப்பிட்டாங்க. மூணுலயும் போர், அதாவது சிலிண்டர் விட்டம், 81 மி.மீ. தான்.

இப்போ பிஸ்டன் உச்சியில நின்னு திரும்புற அந்த நொடி. ராடையும் ராட் போல்ட்டையும் இழுத்துப் பிய்க்கப் பார்க்கிற விசை அங்கதான் உச்சம். 8400 ஆர்பிஎம்-ல பி16ஏ பிஸ்டனுக்கு முடுக்கம் சுமார் 3930 ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 3930 மடங்கு. அதே ஸ்ட்ரோக், ராட் மட்டும் 8 மி.மீ. நீளமான பி16பி-ல சுமார் 3880 ஜி. அவ்வளவுதான்! ஒண்ணேகால் சதவீதம் சொச்சம். ஆர்பிஎம்-ல சொன்னா வெறும் 50 தான் லாபம். பி18சி-க்கு வாங்க: அதே 8400-ல 4530 ஜி. பி16பி 8400-ல படுற பாட்டை பி18சி 7800-க்குள்ளயே பட்டுடும். ஸ்ட்ரோக் 600 ஆர்பிஎம் விலை கேட்குது. ராட் நீளம் திருப்பித் தர்றது 50. இந்த ஒரு கணக்கைப் போட்டுட்டாலே பாதி விவாதம் முடிஞ்சிடும்.

கிலோவுல பார்க்கணுமா? பிஸ்டன், பின், ரிங், ராடோட மேல் பகுதி எல்லாம் சேர்த்து 500 கிராம்னு வெச்சுக்கோங்க. பி16பி-ல இழுவை சுமார் 1940 கிலோ, பி18சி-ல 2260 கிலோ. ஒவ்வொரு சுத்துக்கும், ஒவ்வொரு ராடுக்கும். கியர் மாத்தும்போது நாலாவதுக்குப் பதிலா ரெண்டாவது விழுந்து 10,500-க்குப் போச்சுன்னா, அந்த எண் ஒன்றரை மடங்குக்கு மேல எகிறும். ரெவ் லிமிட்டர் இதுக்குக் காப்பாத்தாது. பெட்ரோலைத்தான் அது நிறுத்தும், சக்கரம் கிராங்கைத் தள்ளுறதை இல்ல.

அப்போ நீள ராடுக்குப் பயனே இல்லையான்னா, இருக்கு. பக்கவாட்டு அழுத்தத்துல. பி18சி ராட் அதிகபட்சம் 18.4 டிகிரி சாயுது, பி16பி 15.8 தான். சிலிண்டர் சுவர் மேல பிஸ்டன் ஸ்கர்ட் (பிஸ்டனோட கீழ்ப் பக்கச் சுவர்) தேய்க்கிற விசை அதனால ஏறக்குறைய 15 சதவீதம் குறையும். அடிக்கடி அதிக ஆர்பிஎம்-ல ஓடுற இன்ஜினுக்கு இது பெரிய விஷயம்தான். இன்ஜினைப் பிரிக்கும்போது, சிலிண்டர் விட்டத்தை அளக்கிற போர் கேஜை கிராங்க்குக்குக் குறுக்கா ஒரு தடவை, நேரா ஒரு தடவை, மேல நடுவுல கீழனு மூணு இடத்துல வைங்க. 81 மி.மீ. போருக்குப் புது அளவு 81.00-ல இருந்து 81.02. மேலேயும் கீழேயும் வித்தியாசம் 0.05-ஐத் தாண்டினா வெறும் ரிங் மாத்தி ஓட்டாதீங்க. தேய்மானம் குறுக்குவாட்டுலதான் முதல்ல தெரியும்.

யாரும் அதிகமா பேசாத ஒண்ணு, கிராங்க். பிளாக்ல உட்கார்ந்து சுத்துற வட்டப் பகுதி மெயின் ஜர்னல், ராட் மாட்டுற பகுதி ராட் ஜர்னல். பி சீரிஸ்ல மெயின் 55 மி.மீ., ராட் 45 மி.மீ. கிராங்கை முன்பக்கத்துல இருந்து நேராப் பார்த்தா ரெண்டு வட்டமும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கும். அந்த ஏறின அளவு கூடக் கூட கிராங்க் விறைப்பா இருக்கும். 77.4 ஸ்ட்ரோக்ல அது 11.3 மி.மீ., 87.2-ல 6.4, பி18பி-யோட 89-ல 5.5. ஸ்ட்ரோக் கூடக் கூட கிராங்க் முறுக்கு வாங்க ஆரம்பிக்கும். அந்த அதிர்வு நேராப் போய் அடிக்கிறது கிராங்க் முனையில உட்கார்ந்திருக்கிற ஆயில் பம்ப் கியரை. எடை குறையும்னு ரப்பர் வெச்ச, அதிர்வைக் குறைக்கிற ஒரிஜினல் டாம்பர் புல்லியைக் கழட்டிட்டு அலுமினியப் புல்லி மாட்டுறாங்க பாருங்க, அதை 8000-க்கு மேல சுத்துற இன்ஜின்ல செய்யவே செய்யாதீங்க. பம்ப் கியர் உடைஞ்சா ஆயில் பிரஷர் போகும், அடுத்த சில நொடியில ராட் பேரிங் போகும்.

ஹோண்டாவோட எஸ்2000 ஸ்போர்ட்ஸ் கார் கதையும் இதேதான். அதுல வந்த ரெண்டு இன்ஜின். எஃப்20சி: ஸ்ட்ரோக் 84, ராட் 153. எஃப்22சி1: ஸ்ட்ரோக் 90.7, ராட் 149.65. பாதி ஸ்ட்ரோக்கையும் ராடையும் கூட்டுங்க, ரெண்டுலயும் சரியா 195. பிளாக் உயரத்தைத் தொடாம ராடைக் குட்டையாக்கி ஸ்ட்ரோக்கைக் கூட்டியிருக்காங்க. சிவப்புக் கோடு (அதிகபட்ச ஆர்பிஎம்) 9000 பக்கத்துல இருந்து அமெரிக்காவுல 2004-ல 8000-க்கு இறங்கிடுச்சு.

சரி, 212 பிளாக்ல பி16 கிராங்க் போட்டு நீங்களே ஒண்ணு கட்டப் போறீங்கன்னா: பி16ஏ ராடை அப்படியே மாட்டினா பிஸ்டன் பிளாக் முகத்துல இருந்து 8 மி.மீ.க்கும் அதிகமா கீழ நிக்கும், கம்ப்ரஷனே இருக்காது. 142.4 நீள ராட்தான் வேணும். சேர்த்ததும் ஒவ்வொரு பிஸ்டனையும் உச்சிக்குக் கொண்டுவந்து டயல் கேஜ் வைங்க. பின் இருக்கிற கோட்டுக்கு மேலதான் வைக்கணும். ஓரத்துல வெச்சா பிஸ்டன் ஆடி, அளவு பொய் சொல்லும். அமுங்கின கேஸ்கெட்டோட சேர்த்து பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவுல 1 மி.மீ. இருக்கட்டும். ஸ்டீல் ராடும் அந்த வேகத்துல கொஞ்சம் நீளும். பிளாக் முகத்தைச் சீவினா அந்த இடைவெளியும் அதே அளவு குறையும், கூடவே கேம் டைமிங்கும் (வால்வு திறந்து மூடுற நேரம்) லேசா பின்தங்கும். அட்ஜஸ்டபிள் கேம் கியர் போட்டுத் திருத்திட்டு, வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இருக்கிற இடைவெளியை மறுபடி பாருங்க. டைமிங் பெல்ட் 212 பிளாக்குக்கு உரியதா வாங்குங்க, 204-ஓடது எட்டாது.

ராட் போல்ட் எப்பவும் புதுசு. டார்க் ரெஞ்சை மட்டும் நம்பாம, போல்ட் எவ்வளவு நீண்டிருக்குன்னு ஸ்ட்ரெச் கேஜ்ல அளந்து, தயாரிப்பாளர் தந்த எண்ணுக்குக் கொண்டுவாங்க. ராட் பேரிங் இடைவெளி 45 ஜர்னலுக்கு 0.045 மி.மீ. பக்கத்துல வைக்கிறது என் விருப்பம்.

கடைசியா பி20. சிஆர்-வி இன்ஜின், 84 போர், 89 ஸ்ட்ரோக். மலிவா 2 லிட்டர் கிடைக்குதேன்னு விடெக் ஹெட் (அதிக ஆர்பிஎம்-ல வால்வைக் கூடுதலாத் திறக்கிற ஹோண்டா ஹெட்) ஏத்தி 8000-க்கு மேல அடிக்கிறாங்க. ரெண்டு சிலிண்டர் சென்டருக்கு நடுவுல 90 மி.மீ. தான் இடம். 81 போர்ல நடுவுல 9 மி.மீ. மிச்சம், 84-ல 6 தான். அந்த ஆறுல பக்கத்துப் பக்கத்து ரெண்டு லைனர் (சிலிண்டரோட உள் குழாய்) சுவரும் அடங்கணும். போதாததுக்கு மேல் முகம் திறந்த பிளாக், லைனர் தலைக்குப் பிடிமானம் கிடையாது. பக்கவாட்டுல பிஸ்டன் தட்டத் தட்ட லைனர் விரிசல் விடும். கூலன்ட் காரணமில்லாம குறையுது, ரேடியேட்டர்ல குமிழி வருதுன்னா கேஸ்கெட்டை மட்டும் மாத்தி மூடிடாதீங்க, லைனர்ல விரிசலைக் காட்டுற சாயம், டை பெனிட்ரன்ட், போட்டுப் பாருங்க. லைனர் தலைக்குப் பிடிமானமா பிளாக் கார்டுங்கிற தகட்டை அடிச்சு இறக்கிட்டு அப்படியே ஓட்டுறதும் தப்பு, போர் வட்டம் கெட்டுப்போகும். அதை இறக்கின பிறகு டார்க் பிளேட் (ஹெட்டுக்குப் பதிலா இறுக்குற தடித்த தகடு) மாட்டித்தான் ஹோனிங் (போரைத் தேய்ச்சு அளவாக்குறது) பண்ணணும். லைனர் மாத்த பட்ஜெட் இல்லேன்னா பி20-ஐ 7000-லயே நிறுத்துங்க. கீழ இருக்கிற டார்க்குக்காக ஓட்டுங்க, அதுக்கு அது அருமையான இன்ஜின்.

உங்க இன்ஜினோட போர், ஸ்ட்ரோக், ராட் நீளம் மூணையும் கமென்ட்ல போடுங்க, பிஸ்டன் முடுக்கம் கணக்குப் போட்டுச் சொல்றேன்.