மரங்களுக்குள் ஒளிந்த மைதானம்

நேயர்களுக்கு வணக்கம். மண்சரிவு என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு பதறுகிற மலையக மக்களிடம், மரம் வெட்டுவதற்கு ஆதரவாகப் பேச வந்திருக்கிறேன். வானொலியை அணைத்துவிடாதீர்கள். காட்டு மரங்களைப் பற்றியோ சரிவில் நிற்கும் மரங்களைப் பற்றியோ நான் சொல்லவில்லை. பழைய கோல்ப் மைதானங்களில், மைதானம் அமைத்துப் பல காலம் கழிந்தபின் நட்ட மரங்களைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.

நுவரெலியா நகரின் நடுவே, பிதுருதலாகலை மலையின் கீழே இருக்கும் மைதானத்தை உங்களில் பலர் வீதியோரத்திலிருந்து பார்த்திருப்பீர்கள். 1889இல் தொடங்கிய கழகம் அது. ஸ்கொட்லாந்துப் படைவீரர்கள் கொண்டுவந்த விளையாட்டு. பதினெட்டுக் குழிகளையும் சுற்றி இன்று சைப்ரஸ், பைனஸ், யூக்கலிப்டஸ் என்ற கருப்பந்தைலம் ஆகிய மரங்கள் உயர்ந்து நிற்கின்றன. பார்ப்பவர்கள், இது என்றைக்கும் இப்படித்தான் இருந்தது என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் அந்த மூன்றுமே வெளிநாட்டு மரங்கள். இந்த உயரத்தில் இயற்கை வைத்திருந்தது பத்தனைப் புல்வெளியும், தாழ்வான இடங்களில் சதுப்பும், ஓரங்களில் குட்டையான மலைக்காடும்தான். ஸ்கொட்லாந்துக்காரருக்கு அந்த வெட்டவெளி அந்நியமாகத் தோன்றியிருக்காது. அவர்களுடைய செயின்ட் அன்ட்ரூஸ் பழைய மைதானம் கடலோர மணல் மேட்டில், ஆடும் வழியில் மரமே இல்லாமல் கிடக்கிறது.

மரம் இல்லாவிட்டால் ஆட்டத்தில் என்ன சவால் என்று கேட்பீர்கள். பழைய வடிவமைப்பாளர்கள் சவாலை நிலத்திலேயே வைத்தார்கள். ஆடும் பாதையை அகலமாக விட்டு, ஒரு பக்கத்தில் மணற்குழியை வெட்டினார்கள். அந்த மணற்குழியை ஒட்டிப் பந்தை அடிக்கத் துணிந்தவனுக்கு அடுத்த அடி சுலபம், பந்து விழவேண்டிய குழி இருக்கும் புல்தளம் அவன் பக்கம் திறந்து கிடக்கும். பயந்து மறுபக்கம் போனவனுக்கு அடுத்த அடி கடினம். எந்தப் பக்கம் போவது என்பதை ஆடுபவன் தன் திறமையை எடைபோட்டுத் தீர்மானிக்க வேண்டும். ஆட்டத்தின் மூளை அங்கேதான் இருக்கிறது. பிறகு வந்த யாரோ ஒரு நல்ல மனிதர் பாதையின் இரு மருங்கும் மரக்கன்று நடுகிறார். முப்பது நாற்பது வருடத்தில் அது சுவராகிவிடுகிறது. அதன்பிறகு தெரிவு ஒன்றே ஒன்று: நேராக அடி. பழைய மணற்குழி சில இடங்களில் மரக்கிளைக்குள்ளேயே போய்ச் சிக்கிக்கொள்கிறது. கிளைக்கு அடியில் ஒரு மணற்குழியைக் கண்டால் சந்தேகமே வேண்டாம், அங்கே முதலில் வந்தது குழி.

இதற்கு உலகம் அறிந்த உதாரணம் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள ஓக்மொன்ட். 1903இல் ஹென்றி ஃபவுன்ஸ் என்ற இரும்புத் தொழிலதிபர் உருவாக்கிய மைதானம். பண்ணை நிலத்தில், ஏறக்குறைய மரமே இல்லாமல் அமைந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அழகுபடுத்துகிறோம் என்று ஆயிரக்கணக்கில் மரம் நட்டார்கள். 1994இல் அமெரிக்க ஓபன் போட்டி அங்கே நடந்தபோது அது ஒரு சோலை. 2007இல் அதே போட்டி திரும்பி வந்தபோது ஏறத்தாழ 5000 மரங்கள் காணாமற் போயிருந்தன. அந்த வேலையை ஆரம்பித்த விதம்தான் வேடிக்கை. உறுப்பினர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று, விடியுமுன் விளக்கு வெளிச்சத்தில் வெட்டி, அடிக்கட்டையை அகற்றி, அந்த இடத்தில் புல்லைப் பதித்துவிட்டுப் போவார்களாம். சில காலம் யாருக்கும் தெரியவே இல்லை. இந்தக் கள்ளத்தனத்தை நான் மெச்சவில்லை. ஆனால் ஒரு மரம் போனதை யாரும் கவனிக்கவில்லை என்றால், அது அந்த இடத்தில் என்ன செய்துகொண்டிருந்தது என்ற கேள்வி எழத்தான் செய்கிறது.

இனி வெளிச்சத்துக்கு வருகிறேன். இதைத் தோட்டத்து மக்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைத் தாக்கியபோது, நிழலும் ஈரமும் சேர்ந்த இடத்தில்தான் அந்தப் பூஞ்சணம் கொழுத்தது. மழைக்காலத்துக்கு முன்னால் முள்முருங்கையின் கிளையைக் கழித்து வெளிச்சம் விடுவது அதனால்தான் முக்கியமானது. கொழுந்து இலையின் ஈரம் சீக்கிரம் காய்ந்தால் நோய் எளிதில் பிடிக்காது. கோல்ப் புல்லுக்கும் அதே கதை. புல்தளத்தில் புல்லைச் சில மில்லிமீற்றர் உயரத்துக்கு ஒட்ட வெட்டுகிறார்கள். அவ்வளவு குட்டையான இலைக்குக் காலை வெயில் கிடைக்காவிட்டால் இராப்பனி பத்துமணி தாண்டியும் காயாது. காற்றும் புகாது. பூஞ்சண நோய் வரும், பாசி பிடிக்கும், மருந்துச் செலவு கூடும். புல்லுக்கு ஊற்றிய தண்ணீரை மரவேர் குடிக்கும். போதாக்குறைக்குப் பைனஸ் ஊசியிலை வேறு கொட்டிக்கொண்டே இருக்கும்.

நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் துகள் உறைபனி விழுகிறதே, அதையும் சேர்த்துப் பாருங்கள். உறைந்த புல்லின்மேல் கால் வைத்தால் அந்தத் தடம் கருகிவிடும். உருகும்வரை ஆட விட முடியாது. கிழக்குப் பக்கத்து மரவரிசையைக் கொஞ்சம் திறந்துவிட்டால் உருகும் நேரம் முந்தும்.

வெளிநாட்டு நிபுணர்கள் கிழக்கையும் தெற்கையும் திறந்துவிடு என்பார்கள். அவர்களுடைய நாட்டுக்கு அது சரி. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு ஏழு பாகை வடக்கில். சித்திரையிலிருந்து ஆவணி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஆகவே இங்கே வடக்குப் பக்க மரமும் நிழல் போடும். பிற நாட்டு அறிக்கையைப் பார்த்து வெட்டினால் தப்பான மரம்தான் விழும்.

சரி, ஆதி வடிவத்தை மீட்பது என்றால் எந்த ஆதி? 1889இல் மைதானம் வடிவமைப்பது தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கவில்லை. நிலத்தை நடந்து பார்த்துக் குச்சி நட்டுவிட்டுப் போன காலம். பிறகு ஒவ்வொரு தலைமுறையும் எதையோ சேர்த்தது, எதையோ குறைத்தது. ஆகவே இங்கே பழைய புகைப்படம், நில அளவைத் திணைக்கள வரைபடம், மண்ணுக்குள் கம்பி குத்திப் பார்த்தால் தட்டுப்படும் பழைய மணல், இவைதான் சாட்சி. வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் இலக்க மைதானத்தை 2010, 2011இல் மீட்டபோதும் பழைய வான்படங்கள் பெரிதும் கைகொடுத்தன. மரம் வெட்டியதைவிட, பிற்காலத்தில் பரப்பிய பசும்புல்லை உரித்து மணலை வெளியே கொண்டுவந்ததுதான் அங்கே பெரிய வேலை.

ஆதி என்று சொல்லிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. கோர்ஸ் என்ற மஞ்சள்பூ முட்செடி ஸ்கொட்லாந்து மைதானங்களின் உயிர். அதே செடியை வெள்ளைக்காரர் இங்கே கொண்டுவர, ஹோர்ட்டன் சமவெளியில் அது பரவி, தேசியப் பூங்காவில் பிடுங்கி எறியும் நிலைக்கு வந்திருக்கிறது. ஸ்கொட்லாந்து போல ஆக்குகிறோம் என்று யாராவது அதை நட வந்தால் நானே எதிர்த்து நிற்பேன்.

சரிவில் நிற்கும் மரத்தையும் ஓடைக்கரை மரத்தையும் தொடவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மீரியபெத்தை மண்சரிவை 2014இல் பார்த்த நாம், ஒரு விளையாட்டுக்காக மலையின் பிடிமானத்தைக் குறைக்க முடியாது. சந்தேகமான இடத்தில், மண்சரிவு அபாயத்தை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தைக் கேட்டுவிட்டுத்தான் மரம் அறுக்கும் வாளை எடுக்க வேண்டும். தட்டையான இடத்தில், புல்தளத்தை அடைத்து நிற்கும் முற்றிய பைனஸும் கருப்பந்தைலமும் வேறு விஷயம். பெருங்காற்றில் அவை விழுந்தால் என்ன ஆகும் என்பதை தோட்டத் தொழிலாளர் லயங்களில் வசிப்பவர்களிடம் கேளுங்கள். ஓடையோரத்தில் ஈடாக மகாரத்மல் என்ற சிவப்புப்பூ மரத்தையும் கீனா மரத்தையும் நடலாம். இரண்டும் இந்த மலைக்கே உரியவை.

எந்த மரம், எந்தக் காரணம் என்று மும்மொழியிலும் எழுதி, வெட்டுவதற்கு ஒரு பருவம் முன்பே வாசலில் ஒட்டுங்கள். அதற்கும் முன்னால் வயதான கேடிகளை, அதாவது ஆடுபவர்களின் மட்டைப் பையைச் சுமந்து நடப்பவர்களை, கூட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி நடவுங்கள். எந்த மரம் எப்போது உயர்ந்தது, எந்தப் பாதை எப்போது அடைபட்டது என்று அவர்களுக்குத் தெரியும். விறகைப் பற்றிக் கவலை வேண்டாம், தேயிலைத் தொழிற்சாலை அடுப்புக்கு எப்போதும் தேவை இருக்கிறது. விற்ற கணக்கையும் அதே வாசலில் ஒட்டிவிடுங்கள். நன்றி, வணக்கம்.