221 வருஷம் கழிச்சு ஒண்ணா வெளிய வந்த பூச்சிங்க! பகா எண் செஞ்ச வேலையா?

ஹலோ குட்டீஸ்! அமெரிக்கால ஒரு சில்வண்டு இருக்கு, மண்ணுக்குள்ள வேர்ல சாறு உறிஞ்சிக்கிட்டே 17 வருஷம் கெடக்கும், அதோட பங்காளி இன்னொண்ணு 13 வருஷம். ஏன் 12, 16ன்னு இல்லாம 13, 17? மேட்டரே அங்கதான் இருக்கு.

மொதல்ல 12 புளியங்கொட்டை எடுத்துட்டு வாங்க, நானும் இங்க தரையில அடுக்குறேன். 2 வரிசையில ஆறாறு, சரியா வந்துச்சா? 3 வரிசையில நாலு நாலு, அதுவும் வரும். அப்போ 1, 2, 3, 4, 6, 12 எல்லாமே 12ஓட காரணிங்க, அதாவது 12ஐ மிச்சமே இல்லாம வகுக்குற எண்ணுங்க. இப்ப இன்னும் ஒரே ஒரு கொட்டை சேருங்க, 13 ஆச்சா, 2 வரிசையா வைங்க, ஒண்ணு தனியா முழிக்கும், 3 வரிசை, மறுபடியும் ஒண்ணு மிச்சம், 4 வரிசை, அட அதே கதைதான்! கடைசில ரேஷன் கடை க்யூ மாதிரி ஒரே நீட்டு வரிசையாத்தான் நிக்கும். இப்படி 1, அப்புறம் தன்னையே தவிர வேற யாராலயும் வகுபடாம அடம் பிடிக்கிறதுதான் பகா எண். 1க்கு ஒரே காரணிதான், அதனால அது ஆட்டத்துலயே இல்ல. இரட்டைப்படையில 2 மட்டும்தான் பகா எண்.

மடங்கு? வாய்ப்பாடு ஒப்பிக்கிறீங்கல்ல, 4, 8, 12, அதேதான், முடிஞ்சுது.

இப்ப பூச்சிக்கு வருவோம். 4 வருஷத்துக்கு ஒருதடவை பெருகுற எதிரி ஒருத்தன் இருக்கான்னு வைங்க. பூச்சி 12 வருஷத்துக்கு ஒருக்கா வந்தா, 12 தான் 4ஓட மடங்காச்சே, வர்றப்ப எல்லாம் வாசல்லயே நிப்பான், காலி! 13ன்னா? 13, 26, 39, ம்ஹூம், 52வது வருஷம்தான் மாட்டும். செம மூளைல்ல? (பூச்சி கணக்கு போடாது, இது விஞ்ஞானிங்க சிலரோட கணிப்பு.)

இன்னொரு கூத்து கேளுங்க. 13 வருஷக் கூட்டம் ஒண்ணும் 17 வருஷக் கூட்டம் ஒண்ணும் 1803ல சேர்ந்து வந்துச்சு. அடுத்து? 13 பெருக்கல் 17, 221 வருஷம் கழிச்சு, 2024ல! இனிமே 2245லதான், நான் வீடியோ போட மாட்டேன், நீங்களும் பாக்க மாட்டீங்க.

அந்த 221ஐப் பாத்தா பகா எண் மாதிரியே இருக்கும், ஆனா இப்பதான 13ஆல 17ஐப் பெருக்கினோம்! 91ம் இதே மாதிரி ஒரு கேடிதான். அதோட காரணிங்க எதெதுன்னு கமெண்ட்ல போடுங்க, கால்குலேட்டரைத் தொட்டா அவுட்டு!