இடும்பி வீட்டுப் பிள்ளை

நடுவர் அவர்களே, எதிரணியினரே, எங்கள் அணித் தோழர்களே, திடல் நிறைய உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

பேய், அரக்கர், மாயம் என்று வரும் கதைகளில் நம் மனத்தில் தங்குவது அச்சமா, அன்பா? இதுதான் தலைப்பு. அன்பு என்று சொல்ல வந்தவள் நான். சரி, தலைப்பைச் சொல்லியாகிவிட்டது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழர் ஒன்றைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். "தெரிந்தே அரக்கியைக் கட்டிக்கொண்டவன் பீமன் ஒருவன்தான். தெரியாமல் கட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள்" என்றார். ஆண்கள் பக்கம் அடித்த கைதட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது. தோழரே, பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பது உங்கள் வீட்டம்மாதானே? அவர்கள் சிரிக்கவில்லை, கவனித்தீர்களா? நான் ஆறு பக்கத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டு வந்தேன். அத்தனையையும் மடித்துப் பையில் வைத்துவிட்டேன். இதற்குப் பதில் சொல்லாமல் மேடையை விட்டு இறங்கினால் இந்த ஊர்ப் பெண்கள் என்னைப் பஸ் ஏற விடமாட்டார்கள்.

யார் அந்த அரக்கி? அரக்கு மாளிகைத் தீயிலிருந்து தப்பிய பாண்டவர்கள் இரவோடு இரவாகக் காட்டுக்குள் போகிறார்கள். நடக்க முடியாத தாயையும் உடன்பிறந்தவர்களையும் பீமன்தான் சுமக்கிறான். களைப்பில் ஐந்து பேரும் மரத்தடியில் தூங்க, அவன் ஒருவன் விழித்திருந்து காவல் காக்கிறான். பக்கத்தில் இன்னொரு மரம். அதில் இடும்பன். மனித வாசனை வந்ததும் தங்கை இடும்பியைக் கூப்பிட்டு, "போய் அவர்களைக் கொன்று தூக்கி வா. வயிறாரத் தின்றுவிட்டு இரண்டு பேரும் ஆடலாம்" என்கிறான். பசி அண்ணனுக்கு, அலைச்சல் தங்கைக்கு. அரக்கர் வீட்டிலும் அதே நிலைமைதான், தாய்மார்களே!

போனாள். பீமனைப் பார்த்தாள். பார்த்த இடத்தில் ஒரு கணக்குப் போட்டாள். இவனைக் கொன்றால் ஒரு வேளைப் பசி தீரும், விட்டுவிட்டால் ஆயுள் முழுக்க இவனோடு வாழலாம். வியாசரே இந்தக் கணக்கை எழுதி வைத்திருக்கிறார். அழகான பெண்ணாக உருவம் மாற்றிக்கொண்டு எதிரே போய் நின்று, "உங்களைத் தின்பதற்காக என் அண்ணன் என்னை அனுப்பினான். எனக்கு உங்களைப் பிடித்துவிட்டது. வாருங்கள், உங்களைத் தூக்கிக்கொண்டு வானத்தில் பறந்துவிடுகிறேன்" என்றாள். முதல் பேச்சிலேயே உள்ளது உள்ளபடி! நம் ஊரில் பெண் பார்க்க வருகிறவர்கள் சம்பளத்தையாவது உண்மையாகச் சொல்கிறார்களா?

அதற்கு நம் கதாநாயகன் சொன்ன பதிலைக் கேளுங்கள். அழகான பெண், நள்ளிரவு, நடுக்காடு, காதல் வேறு சொல்லியாகிவிட்டது. பீமன் சொல்கிறான்: "அம்மா தூங்குகிறார்கள்."

பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்டிருக்காது, இன்னொரு முறை சொல்கிறேன். "அம்மாவும் அண்ணன் தம்பிகளும் சுகமாகத் தூங்குகிறார்கள். உன் அண்ணனுக்குப் பயந்துகொண்டு அவர்களை எழுப்ப மாட்டேன்." தின்ன வந்தவளுக்கு உயிரே போகிறது, இவனுக்கு அம்மாவின் தூக்கம்தான் முக்கியம். எங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். சொல்லக் கூடாது, இதே திடலில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

அதற்குள் இடும்பனே வந்துவிட்டான். கண் சிவக்க, காடு அதிரக் கத்துகிறான். பீமன் அதற்கும் என்ன சொல்கிறான்? "சத்தம் போடாதே, இவர்கள் எழுந்துவிடுவார்கள்!" சொன்னதோடு விட்டானா? இடும்பன் கையைப் பிடித்துத் தரதரவென்று தூரத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். எதற்கு? அம்மா தூங்குகிறார்கள்! உலகத்திலேயே குடும்பத்தின் தூக்கம் கலையாமல் அரக்கனோடு சண்டை போடப் பார்த்தவன் இவன் ஒருவன்தான், நடுவர் அவர்களே.

அப்படியும் இரைச்சலில் குந்தி விழித்துக்கொண்டாள். எதிரே ஒரு பேரழகி. "யாரம்மா நீ, தேவலோகப் பெண்ணா?" என்று கேட்கிறாள். மாமியார் மருமகளிடம் பேசிய முதல் வார்த்தை இது! தாய்மார்களே, உங்களில் எத்தனை பேருக்கு இது கிடைத்தது? இடும்பி அவளிடமும் மறைக்கவில்லை. நான் அரக்கி, தின்ன வந்தேன், உங்கள் மகன் மேல் மனம் போய்விட்டது என்றாள். இடும்பனைக் கொன்ற சூட்டோடு பீமன் இவளையும் கொல்லப் பார்க்கிறான். தருமன் தடுக்கிறான். குந்தியிடம் அவள் கெஞ்சுகிறாள். கடைசியில் ஒரு நிபந்தனையோடு கல்யாணம் முடிகிறது. பகலில் பீமன் அவளோடு இருக்கலாம், பொழுது சாய்ந்தால் பத்திரமாகக் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும், அதுவும் ஒரு பிள்ளை பிறக்கும்வரைதான். தாலி கட்டிய அன்றே மாப்பிள்ளையைப் பகல் ஷிப்டில் போட்டுவிட்டார்கள்! அவள் அதற்கும் சரி என்றாள். பிள்ளை பிறந்ததும் சொன்ன சொல் மாறாமல் விலகியும் போனாள்.

தோழரே, இவளைத்தான் நீங்கள் கேலிக்கு எடுத்தீர்கள். இமாசலப் பிரதேசத்தில் மணாலிக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே தேவதாரு மரங்களுக்கு நடுவே இவளுக்குக் கோயில் இருக்கிறது. 1553இல் கட்டியது, வாசல் முழுக்க மரவேலைப்பாடு. குல்லு அரச குடும்பத்துக்கு அவள் பாட்டி முறை. இடும்பி வந்து சேராமல் அங்கே தசரா தொடங்காது. நம் ஊரிலிருந்து கல்யாணம் முடிந்த கையோடு மணாலிக்குத் தேனிலவு போகும் ஜோடிகள், கையில் மருதாணி கூட அழியாமல், வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டு வருவது ஓர் அரக்கியைத்தான். பயந்துகொண்டா கும்பிடுகிறார்கள்? ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு படம் எடுக்கிறார்கள். எங்கள் அணிக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அவள் பெற்ற பிள்ளைதான் கடோத்கசன். அவன் பெயரைச் சொன்னாலே நமக்குச் சினிமாவில் ரங்காராவ் அண்டா அண்டாவாகச் சாப்பிட்டது ஞாபகத்துக்கு வரும். சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். அவன் கதையில் சிரிக்க அதிகம் இல்லை. பாதி அரக்கன் அவன். வாழ்ந்தது தாயோடு, சண்டை போட்டது தந்தைக்காக. நினைத்தால் வருவேன் என்று பாண்டவர்களுக்கு வாக்குக் கொடுத்தவன். வனவாசத்தில் மலை ஏற முடியாமல் திரௌபதி மயங்கி விழுந்தபோது பீமன் அவனை நினைத்தான். வந்து நின்றான். யாரைச் சுமக்க? தன் தாய்க்குக் கிடைக்காத இடத்தில் இருப்பவளை. அவளையும் அம்மா என்றுதான் சுமந்தான்.

கூவாகத்தில் திருநங்கையர் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் தாலியறுத்து அழுகிறார்களே, அந்த அரவான் இவனுக்குத் தம்பி முறை. நம் ஊர்க் கதையில் அவன் களப்பலி. வியாசரிடம், போரின் 8ஆம் நாள் அலம்புசன் என்ற அரக்கன் கையில் சாகிறான். தம்பி விழுந்ததைக் கண்டு கடோத்கசன் கதறிய கதறலில் பூமி நடுங்கியது என்கிறார் அவர். அன்றிலிருந்து அவன் அரக்கரை வேட்டையாடும் அரக்கன். 14ஆம் நாள் அதே அலம்புசனைத் தூக்கித் தரையில் அடித்துக் கொன்றான்.

அன்று பொழுது சாய்ந்தும் போர் நிற்கவில்லை. அந்த இரவில் அவன் மகன் அஞ்சனபர்வனை அசுவத்தாமன் கொன்றுவிட்டான். அழ நேரமில்லை. அலாயுதன் என்று ஓர் அரக்கன், இடும்பனைக் கொன்ற பழிக்காகப் பீமனைத் தேடி வருகிறான். தோழரே, இதைக் கொஞ்சம் யோசியுங்கள். வந்தவன் கேட்பது யாருக்கான பழி? கடோத்கசனின் சொந்தத் தாய்மாமனுக்கான பழி. இவன் எந்தப் பக்கம் நின்றான்? பகல் பொழுதுக்கு மட்டும் வீட்டுக்கு வந்துபோன அப்பா தடுமாறுவதைப் பார்த்ததும் ஓடி வந்து அலாயுதன் தலையை அறுத்துத் துரியோதனன் முன்னால் எறிந்தான்.

கடைசியில் கர்ணன், அர்ச்சுனனுக்காகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த, ஒரே முறைதான் எறியக்கூடிய சக்தி ஆயுதத்தை இவன்மேல் எறிய வேண்டியதாயிற்று. சாகும்போதும் மலைபோல உடம்பை வளர்த்துக்கொண்டு எதிரிப் படையின் மேல் விழுந்தான். ஓர் அக்குரோணிப் படை நசுங்கியது என்கிறது பாரதம். ஓர் அக்குரோணிக்கு யானை மட்டும் 21,870. செத்த பிறகும் அப்பாவுக்கு உதவ வேண்டும் என்று விழுந்திருக்கிறான் பிள்ளை.

பாண்டவர் பக்கம் எல்லாரும் அழ, கண்ணன் மட்டும் அர்ச்சுனனைக் கட்டிக்கொண்டு ஆடினான், ஆயுதம் தீர்ந்துவிட்டது என்று. அவன் கடவுள், அவனுக்கு ஆயிரம் கணக்கு இருக்கும். எனக்கு அந்த ஆட்டத்தை மன்னிக்க மனம் வரவில்லை. தருமன் அழுதானே, அந்த அழுகைதான் எனக்குப் பெரிது. "மலையில் களைத்து விழுந்த பாஞ்சாலியைச் சுமந்த பிள்ளை" என்று சொல்லிச் சொல்லி அழுதான். பொறுமைக்குப் பெயர் எடுத்த மனிதன், தானே கர்ணனைக் கொல்லக் கிளம்பிவிட்டான். வியாசர் வந்து தடுக்க வேண்டியதாயிற்று.

மணி அடிக்கிறீர்கள், நடுவர் அவர்களே, கேட்கிறது. இன்னும் இரண்டு வாதம் பாக்கி இருக்கிறது, அதை எங்கள் அடுத்த பேச்சாளர் பார்த்துக்கொள்வார். ஒரே இரவில் மகனும் போய், பேரனும் போய், காட்டில் இருந்தாளே இடும்பி, அவளுக்கு யார் போய்ச் செய்தி சொல்லியிருப்பார்கள்? பீமன் போனானா? போயிருந்தால் அவள் முகத்தைப் பார்த்து என்ன சொல்லியிருப்பான்? இங்கே பிள்ளை பெற்ற தாய்மார்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களில் யாருக்காவது அவளை நினைத்தால் பயம் வருகிறதா? எதிரணி எழுந்து எங்களுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால், இந்தத் தாய்மார்களுக்குச் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.