கந்தசாமி என்று கூப்பிட ஆள் இல்லை

வணக்கம் நேயர்களே. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் ஏன் குறைந்தது, கந்தசாமி போன்ற பெயர்கள் ஏன் அருகிப் போயின என்று இன்று பேசப்போகிறேன். 1984ஆம் ஆண்டு, ஆசிரியர் பணியில் சேர்ந்த முதல் நாள், ஒன்றாம் வகுப்பு வருகைப் பதிவேட்டைத் திறந்து "கந்தசாமி" என்று வாசித்தேன். பதில் இல்லை. உரக்க வாசித்தேன். அப்போதும் இல்லை. முன்வரிசையில் ஒரு பையன் சிலேட்டில் கிறுக்கிக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். "உன் பெயர் என்னப்பா?" என்றேன். "ராசு" என்றான். பதிவேட்டில் ராசு என்று எவரும் இல்லை.

மறுநாள் அவன் தாயை வரச்சொன்னேன். "கந்தசாமி உங்கள் பையன்தானே அம்மா?" என்று கேட்டேன். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் அசைத்தார். அது அவருடைய மாமனார் பெயர். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. ஆகவே, பெற்ற பிள்ளையை ஐந்து வருடமாக ராசு என்றே கூப்பிட்டிருக்கிறார்.

பேரன் என்ற சொல்லே பெயரன்தான். தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். அந்தப் பெயரைத்தான் தாய் சொல்ல முடியவில்லை. இப்போதுதான் வானொலியைத் திருப்பியவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன்: தன் பிள்ளையின் பெயரைத் தாயால் சொல்ல முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் வாசிக்கும்போது மட்டும்தான் அந்தப் பெயர் காற்றில் ஒலித்தது. பின்னாளில் பெண்கள் படித்தார்கள், பெயர் வைப்பதில் அவர்கள் பேச்சு எடுபட்டது. வாய் நிறையக் கூப்பிடக்கூடிய ஒரு பெயரை அவர்கள் விரும்பினார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவே இல்லை.

காரணம் இது ஒன்றுதானா என்றால், இல்லை. தனித்தமிழ் இயக்கத்தில் வேதாசலம் மறைமலை அடிகள் ஆனார். திராவிட இயக்கத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். அவர்களைப் பார்த்துப் பிள்ளைகளுக்கும் அப்படிப் பெயர் வைத்தார்கள். 'சாமி' என்று முடியும் பெயர்களுக்குப் பழைய வாசனை ஏறிவிட்டது.

ஆனால் தெய்வம் மாறவில்லை, கவனியுங்கள். ராசுவுக்கு மூத்த கந்தசாமிகளின் மகன்கள் செந்தில்குமார் ஆனார்கள், சரவணன் ஆனார்கள், கார்த்திகேயன் ஆனார்கள். எல்லாம் முருகன்தான். பதிவேட்டில் "க. செந்தில்குமார்" என்று எழுதும்போது அந்த ஒற்றை எழுத்துக்குள் கந்தசாமி உட்கார்ந்திருந்தார். செந்தில்குமாரின் மகனைச் சேர்த்தபோது முன்னெழுத்து "செ." ஆகிவிட்டது. அந்த ஒற்றை எழுத்தும் போயிற்று. நான் ஓய்வு பெற்ற 2018இல் பள்ளி முழுவதிலும் ஒரு கந்தசாமி இல்லை. ஒரு ஸ்கந்தா இருந்தான். ஸ்கந்தனைத் தமிழ் நாக்கு பழக்கி எடுத்த பெயர்தான் கந்தன். அதை விட்டுவிட்டு மறுபடியும் ஸ்கந்தாவுக்குப் போவதுதான் எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

எண் சோதிடம், நட்சத்திர எழுத்து பற்றியெல்லாம் பேச நினைத்திருந்தேன். நேரமாகிவிட்டதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிவு செய்யலாம். 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். மருத்துவமனையிலேயே அவசரப்பட வேண்டாம். அதற்குள் வீட்டுப் பெரியவரிடம் அவருடைய தாத்தாவின் பெயரை ஒருமுறை கேட்டுவிடுங்கள். வணக்கம்.