மாதவிடாய் அவதியை அளக்கும் கேள்வித்தாள்: தமிழாக்கினால் போதுமா?

[திரையில்: ஒரு கேள்வித்தாள். “வெளி நிகழ்ச்சிகளுக்குப் போவதைத் தவிர்த்தேன்” என்ற வரிக்கு எதிரே டிக்.]

இந்த டிக் அந்தப் பெண்ணுக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்கிறதா, இல்லை அவர் வீட்டு வழக்கத்தைச் சொல்கிறதா? மாதவிடாய் அவதியை அளக்கும் கேள்வித்தாளைத் தமிழில் கொண்டுவருகிறவர்கள் இதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

இந்தத் துறையில் அடிக்கடி அடிபடும் கேள்வித்தாள், அமெரிக்க உளவியலாளர் ருடால்ஃப் மூஸ் 1968-இல் வெளியிட்டது. வலி, கவனச் சிதறல், நீர் கோத்தல், எரிச்சல் என்று 8 பிரிவுகளில் 47 அறிகுறிகள். கடைசி மாதவிடாயின்போது, அதற்கு முந்தைய வாரத்தில், மற்ற நாட்களில் என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று முறை மதிப்பெண் போட வேண்டும். முதலில் பதில் சொன்னவர்கள் 839 பெண்கள். எல்லோரும் அங்கே பட்டமேற்படிப்பு படித்தவர்களின் மனைவிமார். அவர்களுக்குப் பொருந்திய கணக்கு தருமபுரியில் பிளஸ் டூ படிக்கும் பெண்ணுக்கும் பொருந்தும் என்று எப்படிச் சொல்வது?

[திரையில்: இரண்டு மொழிபெயர்ப்புகள் ஒன்றாகி, மறுபடி ஆங்கிலத்துக்குப் போகும் அம்புக்குறிகள்.]

மொழிபெயர்ப்புக்கு நிலையான வழி இருக்கிறது. இருவர் தனித்தனியாகத் தமிழாக்குவார்கள். இரண்டையும் ஒன்றாக்கியதும், மூலத்தைப் பார்க்காத வேறு இருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவார்கள். நிபுணர் குழு ஒப்பிடும். பிறகு 30, 40 பேரிடம் முன்னோட்டம். ஆய்வேடுகளில் பக்கம் பக்கமாக வருவது இந்தப் பகுதிதான். என்னைக் கேட்டால் இருப்பதிலேயே சுலபமான பகுதியும் இதுதான்.

அந்த டிக்குக்கு வருவோம். வலியே இல்லாத பெண்ணும் அந்த நாட்களில் கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போகாமல் இருக்கலாம். பள்ளியில் நல்ல கழிப்பறை இல்லாததால் ஒரு மாணவி லீவு போடலாம். மொழிபெயர்ப்பில் பிழையே இல்லை, ஆனால் கேள்வி வேறு எதையோ அளந்துவிட்டது. முன்னோட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்து “ஏன் இதை டிக் செய்தீர்கள்?” என்று கேட்டால்தான் இது தெரியும். பெரிய எண்ணிக்கையில் காரணிப் பகுப்பாய்வு (எந்தெந்தக் கேள்விகளின் பதில்கள் சேர்ந்து போகின்றன என்று பார்க்கும் கணக்கு) செய்யும்போதும், இப்படிப்பட்ட கேள்வி தன் பிரிவோடு ஒட்டாமல் தனியே நிற்கக்கூடும்.

அப்புறம் கிரான்பாக் ஆல்ஃபா, கேள்வித்தாளின் நம்பகத்தன்மைக்குப் பலரும் காட்டும் எண். 0.70-ஐத் தாண்டினால் போதும் என்று பலரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதை மட்டும்தான் அது சொல்லும். சிலர் எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ போட்டுக்கொண்டே போனாலும் ஆல்ஃபா ஏறிவிடும். மூஸ் இதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். காதில் இரைச்சல், மூச்சு முட்டுவது போன்ற உணர்வு என்று மாதவிடாயோடு அதிகம் தொடர்பில்லாத சில அறிகுறிகளையும் சேர்த்திருந்தார். அவற்றிலும் மதிப்பெண் எகிறினால் சந்தேகப்பட வேண்டியதுதான். ‘இது தேவையில்லையே’ என்று தமிழில் இவற்றை வெட்டிவிடாதீர்கள்.

[திரையில்: 28 நாள் வட்டம். 2-ஆம் நாளிலும் 16-ஆம் நாளிலும் புள்ளி.]

உண்மையான சிக்கல் நாள்கணக்கில் இருக்கிறது. நம்பகத்தன்மையைப் பார்க்க, அதே ஆளிடம் இரண்டு வாரம் கழித்துத் திரும்பக் கேட்பது வழக்கம். இங்கே இரண்டு வாரத்தில் உடம்பே வேறு கட்டத்துக்குப் போயிருக்கும். ‘இன்று எப்படி?’ என்று கேட்கும் படிவத்தில் மதிப்பெண் மாறித்தான் ஆக வேண்டும், மாறாவிட்டால்தான் கவலை. ‘கடைசி மாதவிடாயில் எப்படி?’ என்று கேட்டாலும், இடையில் புதிதாக ஒன்று வந்திருந்தால் நீங்கள் கேட்பது வேறொரு மாதவிடாயைப் பற்றி. அதனால் அடுத்த சுழற்சியில் அதே கட்டத்தில் கேளுங்கள். சுழற்சியின் எத்தனையாவது நாள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நினைவும் நம்பிக்கையும் வேறு குறுக்கே வரும். 1977-இல் உளவியலாளர் டயான் ரூபிள், அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவிகள் 44 பேரிடம் மூஸின் கேள்வித்தாளைக் கொடுத்தார். எல்லோருக்கும் மாதவிடாய்க்கு ஏறக்குறைய ஒரு வாரம் இருந்தது. தேதியைக் கணிக்கும் கருவி என்று ஒப்புக்கு ஒன்றை வைத்து, சிலரிடம் ‘ஓரிரு நாளில் வந்துவிடும்’ என்றும், சிலரிடம் ‘இன்னும் ஒரு வாரம், பத்து நாள் ஆகும்’ என்றும் சொன்னார்கள். ‘ஓரிரு நாளில்’ என்று நம்பியவர்கள் உடம்பில் நீர் கோத்திருப்பதாக அதிகம் குறித்தார்கள்.

வலி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. நினைவிலிருந்து எழுதும் படிவத்தை வேறு எதனோடாவது ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல நோயறிதல் கையேடு, மாதவிடாய்க்கு முன் வரும் கடுமையான மனநிலைக் கோளாற்றை உறுதிசெய்யக் குறைந்தது இரண்டு சுழற்சிகளின் தினசரிப் பதிவு வேண்டும் என்கிறது. நீங்களும் ஒரு சிறு குழுவிடம் இரண்டு சுழற்சிக்கு நாட்குறிப்பு வாங்கி, தமிழ்ப் படிவத்தின் மதிப்பெண்ணோடு வைத்துப் பாருங்கள். ஆனால் 47 அறிகுறிகளையும் தினமும் கேட்காதீர்கள், பாதியிலேயே விட்டுவிடுவார்கள். முக்கியமானவற்றை மட்டும் ஒரே பக்கத்தில் அடக்கிக் கொடுங்கள்.