பெட்ரோல் பங்கில் நிற்கும் உங்கள் வண்டிக்குள் ஒரு நெருப்பு எரிகிறதா? கேரவன், டூர் வேன் வைத்திருப்பவர்கள் கட்டாயம் பாருங்கள்

[திரையில்: இரவு நேரத் திருநெல்வேலி சந்திப்பு, கடந்து போகும் ரயில்]

2023 ஆகஸ்ட் 25. லக்னோவிலிருந்து புறப்பட்ட ஒரு தனியார் சுற்றுலாப் பெட்டியை நாகர்கோவிலில் புனலூர்–மதுரை எக்ஸ்பிரஸுடன் இணைக்கிறார்கள். அந்த இரவில் நம் திருநெல்வேலி சந்திப்பு வழியாகத்தான் அது மதுரைக்குப் போனது. பெட்டிக்குள் திருட்டுத்தனமாக ஏற்றிய கேஸ் சிலிண்டர். விடியற்காலை ஐந்தேகால் மணி அளவில், மதுரையில் கழற்றி நிறுத்தியிருந்த அந்தப் பெட்டி தீப்பற்றியது. 9 பேர் இறந்தார்கள்.

ரயிலில் சிலிண்டர் ஏற்றினால் 3 ஆண்டு வரை சிறை என்று ரயில்வே சட்டத்தின் 164-ஆம் பிரிவு சொல்கிறது. அதைக் கேட்டவுடன், "அது ரயில் அண்ணாச்சி, நாங்கள் வேனில் போகிறவர்கள்" என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்காருகிறவர்களுக்காகத்தான் இந்த வீடியோ. குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் கார் நிறுத்துமிடத்தில் ஒரு நடை நடந்து பாருங்கள். பின்கதவு திறந்திருக்கிற வேன்களில் பாதிக்குமேல் ஒரு சிலிண்டர், ஓர் அடுப்பு, ஓர் இட்லிக் கொப்பரை தெரியும். அடுப்பு பற்றவைத்தே இருக்கும். பக்கத்தில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்.

[திரையில்: கேரவனின் உட்புறம்]

பின்னணியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். கேரவனை அமெரிக்காவில் ஆர்.வி. என்பார்கள், படுக்கை, சமையலறை, கழிப்பறையோடு ஓடும் வீடு. புளியரையைத் தாண்டினால் கேரளம். அங்கே 2021-இல் அரசே கேரவன் சுற்றுலாவைத் தொடங்கிவிட்டது. அமெரிக்க வண்டிகளில் புரொப்பேன், நம் சிலிண்டரில் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. காற்றைவிடப் புரொப்பேன் ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே போகாது, தரையில் படியும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். அவ்வளவுதான் பாடம். சுவாரசியமான இடத்துக்குப் போகலாம்.

கேரவனில் கேஸ் எதற்கு? அடுப்புக்கு, வெந்நீருக்கு. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டால் முதலில் யாரும் நம்ப மாட்டார்கள். ஃபிரிட்ஜுக்கு!

ஆமாம், நெருப்பு வைத்துத்தான் அந்த ஃபிரிட்ஜ் ஐஸ் கட்டிகளைத் தருகிறது. 1922-இல் ஸ்டாக்ஹோமில் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் இருவர், பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ், இதை உருவாக்கினார்கள். எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் அந்த உரிமையை வாங்கி விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஐன்ஸ்டைனும் இயற்பியலாளர் லியோ சிலார்டும்கூட இதே ஆசையில் வேறொரு வகை ஃபிரிட்ஜை வடிவமைத்து 1930-இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார்கள். சார்பியல் கோட்பாடு எழுதியவர் ஃபிரிட்ஜ் வடிவமைத்தார் என்பதற்காகவே இந்த வீடியோவுக்கு ஒரு லைக் போடலாம்.

[திரையில்: குழாய்களின் வரைபடம்]

எப்படி வேலை செய்கிறது? மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது? மேற்பரப்பில் கசியும் நீர் ஆவியாகும்போது, அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. இங்கே தண்ணீரின் வேலையை அம்மோனியா செய்கிறது. ஃபிரிட்ஜின் முதுகுப்பக்கம், கீழே, சுண்டுவிரல் அளவுக்கு ஒரு நீலச் சுடர். அது அம்மோனியா கரைந்த நீரைச் சூடாக்குகிறது. அம்மோனியா மட்டும் ஆவியாகி மேலே ஏறி, குளிர்ந்து, திரவமாகி, உள்ளே இருக்கும் குழாய்க்கு வருகிறது. அந்தக் குழாயில் ஹைட்ரஜன் நிரப்பியிருக்கிறார்கள். ஹைட்ரஜனின் துணையால் அம்மோனியா மறுபடி சட்டென்று ஆவியாகிறது. அதற்கான வெப்பத்தை உங்கள் பால் பாக்கெட்டிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு நீரில் கரைந்து தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறது. மோட்டார் கிடையாது, கம்ப்ரஸர் கிடையாது, அசையும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. சத்தமே வராது. இதே தத்துவத்தில் ஓடும் சின்ன ஃபிரிட்ஜைப் பல ஓட்டல் அறைகளில் வைப்பதும் அதனால்தான். ஆனால் வண்டி சாய்வாக நின்றால் திரவம் ஓடாமல் ஓரிடத்தில் தேங்கி, சூடேறிக் கெட்டுவிடும். மலைச்சரிவில் நிறுத்தித் தூங்கும் ஆசை இருந்தால் நினைவில் வையுங்கள்.

இந்த மௌனம்தான் நமக்குப் பிரச்சினை. அடுப்பு எரிந்தால் கண்ணுக்குத் தெரியும். இந்தச் சுடரை வண்டியின் சொந்தக்காரரே மறந்துவிடுவார். அது காற்றை எங்கிருந்து எடுக்கிறது தெரியுமா? வண்டியின் வெளிப்பக்கச் சுவரில், இடுப்புக்குக் கீழே, துளைகள் போட்ட ஒரு தட்டு இருக்கும். அந்த வழியாகத்தான். இப்போது அந்த வண்டியைப் பெட்ரோல் பங்கில் நிறுத்துங்கள். 50 லிட்டர் பெட்ரோல் டேங்குக்குள் இறங்கினால், உள்ளே இருந்த 50 லிட்டர் ஆவி வாய் வழியாக வெளியே வந்தாக வேண்டும். பெட்ரோல் ஆவியும் காற்றைவிடக் கனம், இறங்கிப் பரவும். பூஜ்யத்துக்கு 40 டிகிரி கீழே இருந்தால்கூடப் பெட்ரோல் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடும். நம் ஊர் சித்திரை வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? அந்த ஆவி தட்டு வழியாகச் சுடர் இருக்கும் இடத்துக்குப் போகிறது.

"பங்குக்குள் போகும்போது சுடர் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டேன்" என்கிறவர்களுக்கு இன்னொரு சேதி. இந்த ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலானவை தானியங்கி. உள்ளே சூடு கூடினால் 'டிக் டிக் டிக்' என்று தானே பொறி தட்டிப் பற்றவைத்துக்கொள்ளும். வெந்நீர் ஹீட்டரும் அப்படித்தான். நீங்கள் பணம் கொடுக்க இறங்கிய நேரத்தில் அது பொறி தட்டலாம். ஆகவே சுடர் அணைந்திருப்பது போதாது. ஃபிரிட்ஜ், ஹீட்டர் இரண்டின் சுவிட்சையும் நிறுத்த வேண்டும். பிறகு சிலிண்டர் வால்வையே மூட வேண்டும். இதைப் பங்கின் வாசலில் செய்யக் கூடாது. சாலையோரம் முன்னதாகவே நிறுத்திச் செய்ய வேண்டும். நான்குவழிச் சாலையில் வள்ளியூர், நாங்குநேரி என்று இறங்குகிறவர்களுக்கு அதற்கு இடம் தாராளம்.

வால்வு மூடியபடியேதான் வண்டி ஓட வேண்டும் என்பது என் கட்சி. ஃபிரிட்ஜ் சில மணி நேரம் மூடியே இருந்தால் குளிர் எங்கும் ஓடிவிடாது. அமெரிக்காவில் செசபீக் விரிகுடாப் பாலச் சுரங்கத்துக்குள் நுழையும் ஆர்.வி.களை நிறுத்தி, புரொப்பேன் மூடியிருக்கிறதா என்று பார்த்துத்தான் அனுப்புகிறார்கள்.

[திரையில்: வேனின் முன்கண்ணாடி, சுவாமி படம், ஊதுபத்தி]

நம் வேன்களில் அம்மோனியா ஃபிரிட்ஜ் இல்லை. ஆனால் மறந்துபோகும் சுடர் நிறைய இருக்கிறது. சபரிமலைக்குப் போகும் வண்டியில் டாஷ்போர்டில் ஊதுபத்தி, சில வண்டிகளில் சூடம். பின்னால், "அடுத்த ஊர் வருவதற்குள் வெந்துவிடும்" என்று சிம்மில் வைத்த சாம்பார். பீடி சுற்றும் ஊர்க்காரர்கள் நாம். பங்கில் பீடி பற்றவைத்தால் அடிக்க வருவோம். அதே பங்குக்குள் ஊதுபத்தியோடு வண்டி நுழைந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். நெருப்புக்கு இந்த வேறுபாடு தெரியாது.

"எங்கள் வண்டி டீசல்" என்று கீழே கருத்தில் எழுதப் போகிறவருக்கு: உங்கள் வண்டி டீசல்தான். பக்கத்துக் குழாயில் நிற்கும் பைக் பெட்ரோல்.

இனி வேகமாகச் சொல்கிறேன். வீட்டு இணைப்புச் சிலிண்டரை வேறு வேலைக்குக் கொண்டுபோக 2000-ஆம் ஆண்டின் எல்.பி.ஜி. உத்தரவு இடம் தரவில்லை. பயணத்துக்கென்றால் சந்தையில் கிடைக்கும் 5 கிலோ சிலிண்டரைப் பாருங்கள். சமையல் முடிந்ததும் ரெகுலேட்டரைக் கழற்றி, நூலில் தொங்கும் அந்தப் பிளாஸ்டிக் மூடியைத் திரும்ப மாட்டுங்கள்; அந்த மூடியைத் தொலைக்காத வீடு எங்கள் தெருவில் இல்லை என்பது வேறு விஷயம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் வெட்டவெளியில் அடுப்பு வைக்காதீர்கள். சுடர் அணைந்தால் கேஸை நிறுத்தும் அமைப்பு பல கேரவன் அடுப்புகளில் உண்டு. நாம் எடுத்துப்போகும் அடுப்பில் பெரும்பாலும் கிடையாது, கேஸ் வந்துகொண்டே இருக்கும். மூடிய வண்டிக்குள் ஜெனரேட்டர் புகையோ அடுப்புப் புகையோ சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடு. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் அப்படித்தான் இறந்தார்கள். அதற்கு வாசனையே கிடையாது.

கேஸ் வாசனை வந்தால் விளக்கு சுவிட்சைத் தொடாதீர்கள், வண்டியைக் கிளப்பாதீர்கள். வால்வை மூடி, கதவுகளைத் திறந்து, எல்லோரும் இறங்கித் தள்ளிப் போங்கள். கேஸ் கசிவுக்கான உதவி எண் 1906. தள்ளி நின்று அழையுங்கள்.

[திரையில்: இருக்கைக்கு அடியில் படுக்கவைத்த சிலிண்டர்]

கடைசியாக இந்தப் படம். இடம் போதவில்லை என்று சிலிண்டரைப் படுக்கவைத்திருக்கிறார்கள். நிமிர்ந்து நிற்கும்போது வால்வுக்குக் கீழே வாயுதான் இருக்கும், அடியில்தான் திரவம். படுக்கவைத்தால் திரவமே வால்வுக்கு வந்துவிடும். ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 250 லிட்டர் வாயுவாக விரியும். நிமிர்த்திவைத்து, பெல்ட் போட்டுக் கட்டுங்கள். இருக்கைக்கு அடியில் நிமிர்த்த இடமில்லை என்றால், அந்தப் பயணத்துக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள்.