தெரிவுப் போட்டியில் தோற்ற பிள்ளை எங்கே போகிறது?

(யாழ்ப்பாணத்தில் பெற்றோர், உடற்கல்வி ஆசிரியர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

பள்ளியில் மாணவரை இல்லங்களாகப் பிரித்து நடத்துகிற இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு முந்திய நாட்களை எண்ணிப் பாருங்கள். தெரிவு ஓட்டத்தில் முன்னுக்கு வந்தவர்கள் பயிற்சிக்குப் போவார்கள். மற்றவர்களுக்கு இல்லம் சோடிக்கிற வேலை, கைதட்டுகிற வேலை. அடுத்த வருடம் அவர்கள் தெரிவுக்கே வரமாட்டார்கள். பிறகு, "எங்கடை பிள்ளையளுக்கு விளையாட்டிலை ஆர்வமில்லை" என்று நாங்களே சொல்லுவோம்.

இதில் உடலியல் ஒன்று இருக்கிறது. பெண் பிள்ளைகள் சராசரியாக 12 வயதளவிலும் ஆண் பிள்ளைகள் 14 வயதளவிலும் மிக வேகமாக உயருவார்கள். ஆளுக்கு ஆள் இது ஓரிரு வருடம் முந்தும், பிந்தும். ஆகவே 13 வயதுப் பொடியன்களில் வேகமானவனைத் தெரிவு செய்யும்போது, பல வேளைகளில் முந்தி வளர்ந்தவனையே தெரிவு செய்கிறோம். பிந்தி வளரப்போகிறவன் தன்னால் முடியாது என்று முடிவெடுத்துவிடுகிறான்.

5 முதல் 17 வயதுவரையானோர் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்க அசைய வேண்டும், கிழமையில் 3 நாளாவது தசையையும் எலும்பையும் பலப்படுத்தும் வேலை இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2016ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, உலகில் 11 முதல் 17 வயதுவரையானோரில் நூற்றுக்கு 81 பேர் அந்த 60 நிமிடத்தை எட்டவில்லை. ஆண்களில் 78, பெண்களில் 85. இந்தக் கணக்கைப் பிள்ளைக்குச் சொல்லிப் பயனில்லை. நாற்பது வயதில் வரப்போகிற நீரிழிவுக்குப் பயந்து பதினான்கு வயதுப் பிள்ளை ஓடாது.

ஓட வைப்பது எது? எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்ற உளவியலாளர்கள் மூன்று தேவைகளைச் சொன்னார்கள்: தானே தெரிவு செய்தேன் என்ற உணர்வு, எனக்கும் கைவருகிறது என்ற உணர்வு, என்னைச் சேர்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. எங்கள் மைதானங்களில் அதிகம் அடிபடுவது இரண்டாவது.

புதிதாக வருகிற பிள்ளையை முதல் நாளே மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடவிட்டால், அடுத்த இரண்டு மூன்று நாளும் தொடை பிடித்துக்கொள்ளும். மாடிப்படி இறங்க முடியாது. அந்தப் பிள்ளை திரும்பி வராது. ஒரு நிமிட மெல்லோட்டம், இரண்டு நிமிட நடை, இப்படி ஆறு முறை. முதற் கிழமைக்கு அது போதும். ஓடும்போது ஒரு வசனம் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் கூடிவிட்டது. ஆளாளுக்கு ஒரு கொப்பி கொடுத்து, போன கிழமையை விட எவ்வளவு முன்னேறினோம் என்று அவர்களையே எழுதவிடுங்கள். பக்கத்தில் ஓடுகிறவனின் நேரம் அதில் வேண்டாம். பிந்தி வந்தவனுக்குத் தண்டனையாக ஓட்டம் கொடுக்கிற வழக்கத்தையும் விடுங்கள். பிள்ளை ஓட்டத்தையே வெறுக்கும்.

முப்பது பேருக்கு ஒரு துடுப்பும் ஒரு பந்தும் கொடுத்தால், பெரும்பாலானவர்கள் நின்று பார்ப்பார்கள். அதே முப்பது பேரை ஐந்து பேருக்கு ஐந்து பேராகப் பிரித்து, சிறிய சதுரங்களில் உதைபந்தாட்டம் ஆடவிட்டால் ஒருவரும் சும்மா நிற்க முடியாது. கிளித்தட்டும் அப்படித்தான்: கோடு கீற இடமிருந்தால் போதும், செலவே இல்லை. அணித்தலைவர்கள் ஒவ்வொருவராக ஆள் பிரிக்கிற முறை மட்டும் வேண்டாம். கடைசியாக மிஞ்சுகிற பிள்ளை அதை நெடுநாள் மறக்காது.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "வெயிலுக்கை நிண்டு கறுத்துப் போகாதை" என்ற ஒரு வசனம் எத்தனை வலைப்பந்து அணிகளைக் கலைத்திருக்கும்! இத்தனைக்கும் ஆசியக் கிண்ணம் வென்ற வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் இந்த மண்ணின் பிள்ளை. முழுநீளக் காற்சட்டைக்கு அனுமதி, தண்ணீரும் தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறை, மாதவிடாய் நாளில் காரணம் சொல்லாமல் இலகுவான பயிற்சிக்கு மாறும் உரிமை: மூன்றும் இல்லாத இடத்தில் ஆர்வத்தைத் தேடிப் பயனில்லை. மெலியலாம் என்று ஆசை காட்டவும் வேண்டாம். எடை குறையாவிட்டால் பயிற்சியையும் விட்டுவிடுவார்கள்.

நேரம் இல்லை என்பீர்கள். பள்ளி, ரியூசன், வீடு. குடாநாட்டு நிலம் சமதரை. ரியூசனுக்கு ஸ்கூட்டியில் ஏற்றி இறக்குவதை விட்டுச் சைக்கிளில் கூட்டாளிகளோடு அனுப்பினாலே அந்த 60 நிமிடத்தில் ஒரு பங்கு வந்துவிடும். வேகமாக மிதித்தால்தான் கணக்கு. இருக்கையில் இருந்து குதிக்காலை மிதிகட்டையில் வைத்தால், அது ஆகக் கீழே இருக்கும்போது கால் நேராக நிற்க வேண்டும். இருக்கை அதற்கும் தாழ்ந்தால் முழங்கால் நோகும். வளரும் வயதில் முழங்காற் சில்லுக்குக் கீழே வீங்கி நோவதும் உண்டு. அப்போது பாய்வதையும் குதிப்பதையும் குறைத்து, வைத்தியரிடம் காட்டுங்கள். முழுக்க நிறுத்திவிடத் தேவையில்லை.

சாதாரண தரப் பரீட்சை எழுதுகிற தரம் 11 வந்ததும் எல்லாவற்றையும் நிறுத்துகிறோம். விளையாட்டுக்கு ஒதுக்கிய நேரம் பெறுபேற்றைக் குறைக்கும் என்று ஆய்வுகள் காட்டவில்லை. கிழமையில் இரண்டு நாள், வெயில் தணிந்த பின் 5 மணியிலிருந்து முக்கால் மணி நேரம் என்று பெற்றோர் சங்கமும் ரியூசன் ஆசிரியர்களும் கூடிப் பேசி ஒதுக்கினால், ஒரு வகுப்பே சேர்ந்து வரும். ஒருவர் மட்டும் வகுப்பைத் தவறவிட்டு வர வேண்டியிருந்தால் வரமாட்டார்.